நேர் வரிசை

பாத்திரம் கழுவினால் டம்ளர்களை அளவு பார்த்து அடுக்குவது என் பழக்கம். பெரியது இடது ஓரம், சிறியது வலது ஓரம். நேற்று நீங்கள் டீ கொடுத்தபோது காலிக் கோப்பைகளைத் தட்டில் அப்படித்தான் வைத்தேன். நீங்கள் அதைக் கவனித்ததையும் பார்த்தேன். என் மனைவி இதற்காக என்னைக் கிண்டல் செய்யாத நாள் கிடையாது. "உன்னை விட்டா கடல் அலைக்குக்கூட நம்பர் போட்டு வரிசையில நிக்க வைப்பேடா" என்பாள். அவள் எதையும் எங்கேயும் போடுவாள். சாவி செருப்புக்குள் இருக்கும். வேலையில் மட்டும் அவள் கை தப்பவே தப்பாது.

நடந்ததை என் வார்த்தையிலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆபீஸ் சீஃபைக் கொல்ல வேண்டும் என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. அவர் ரொம்ப காலம் இருக்க வேண்டும் என்பதுதான் என் விருப்பம். இன்றைக்கும் அதுதான்.

வேலையைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். துறைமுக வாசலில் இரண்டு பக்கமும் பாறை. நடுவே படகுகள் வரும் வழி குறுகல். மூடுபனி இறங்கினால் ஓட்டுபவருக்குத் தன் படகின் மூக்கே தெரியாது. அதற்காகத்தான் குன்றின் மேல் பதினாறு பலகைகளை அருகருகே நிறுத்தி ஒரு ரேடார் ஆன்டெனா அமைத்தோம். அது சுற்றாது. நின்ற இடத்தில் நின்றபடியே பார்வையைத் திருப்பும். பதினாறு பலகைக்கும் சமிக்ஞை ஒரே நேரத்தில் போனால் அலை நேராகப் போகும். முதல் பலகைக்கு முதலில், அடுத்ததற்குத் துளி தாமதித்து, அதற்கடுத்ததற்கு இன்னொரு துளி தாமதித்துக் கொடுத்தால் அலை ஒரு பக்கமாகத் திரும்பும். அணிவகுப்பு மூலை திரும்பும்போது உள்பக்கத்து ஆள் அடியைச் சுருக்கி வைப்பாரே, அந்த மாதிரி.

அந்தத் தாமதத்தை நாங்கள் ஒளியால் செய்தோம். சமிக்ஞையை லேசர் ஒளியில் ஏற்றி, தலைமுடி கனத்துக் கண்ணாடி இழைக்குள் விட்டுவிடுவோம். இழை நீளமானால் ஒளி தாமதமாக வரும். அவ்வளவுதான். மின்சுற்றுகளை வைத்துத் திருப்புகிற பழைய முறையில் ஒவ்வொரு அலைவரிசையும் ஒவ்வொரு பக்கம் கொஞ்சம் விலகும். இழைக்கு அந்தப் பாகுபாடு கிடையாது. எல்லாவற்றையும் ஒரே அளவு காக்க வைக்கும். "தாமதமா வர்றதுக்குச் சம்பளம் வெட்டுற ஆபீஸ் பாத்திருப்பீங்க. தாமதத்துக்கே சம்பளம் வாங்குற ஆபீஸ் இது ஒண்ணுதான்" என்று சீஃப் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

பலகைக்கு ஒரு சுருளாகப் பதினாறு சுருள். ஒவ்வொன்றிலும் கிலோமீட்டர் கணக்கில் இழை. கட்டுப்பாட்டு அறையில் ஆள் உயர அலமாரி ஒன்றில், கீழிருந்து மேலாக அடுக்கியிருக்கும். இழைக்கு ஒரு பலவீனம் உண்டு. சூடானால் தாமதம் கூடும். எந்த அறையிலும் வெப்பக் காற்று மேலே போகும். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக அடுக்கினால், மேலே போகப் போகத் தாமதம் படிப்படியாகக் கூடும். அது அலையைத் திருப்ப நாமே கொடுக்கும் தாமதம் போலவே ஆகிவிடும். திரை நேராக இருப்பதாகக் காட்டும். அலை வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு டிகிரி கோணம் போதும், பாறைக்கருகே அது ஒரு படகின் நீளத்தைவிட அதிகம்.

இதைக் கண்டுபிடித்துச் சரிசெய்தவள் என் மனைவி. இழைகளை வெட்டி ஒட்டி அளப்பது அவள் வேலை. சுருள்களைக் கலைத்து அடுக்கினாள். ஏழுக்கு மேல் பதினான்கு, அதற்கு மேல் மூன்று. "பரீட்சை ஹால்ல நம்பர் மாத்தி உக்கார வைக்கிறாங்கல்ல, அந்த மாதிரிதான். பக்கத்துப் பக்கத்துல இருந்தா எல்லாரும் சேந்து ஒரே தப்பை எழுதுவாங்க. கலைச்சு உக்கார வச்சா ஆளுக்கொரு தப்பு. மொத்தத்துல ஒண்ணும் ஆகாது" என்றாள். போதாக்குறைக்கு அலமாரிக்குள் காற்றைச் சுழற்ற ஒரு விசிறியும் வைத்தாள். அந்தக் கலைந்த அடுக்கைப் பார்க்கும்போதெல்லாம் என் கை ஊறும். அவளுக்கு அது தெரியும். "தொட்டே, அவ்வளவுதான்" என்று விரலை ஆட்டுவாள்.

போன வருடம் இதே பனிக்காலத்தில் சோதனை. சோதனையின் விதி இதுதான். படகின் சொந்தக் கருவிகளையெல்லாம் அணைத்துவிட வேண்டும். மூடுபனியில், அறையிலிருந்து மைக்கில் வரும் குரலை மட்டும் கேட்டுப் படகு பாறைகளுக்கு நடுவே உள்ளே வர வேண்டும். மைக்கில் பேசுகிறவர் யாராக இருந்தாலும் வயர்லெஸில் அவர் பெயர் கரை. அளவுக் கருவியோடு என் மனைவி படகில் போனாள். ஓட்டியவரை மீசைக்காரர் என்று கூப்பிடுவோம். அவர் மீசையை எடுத்துப் பல வருடம் ஆகிறது, பெயர் மட்டும் போகவில்லை.

காலையில் அவளே எல்லாவற்றையும் சரிபார்த்தாள். எல்லாம் சுத்தம். பிறகு படகுத் துறைக்குப் போனாள். அன்று அறைக்கு விருந்தினர்கள் வருவதாக இருந்தது. அறை லட்சணமாக இருக்க வேண்டும் என்று சீஃப் சொன்னார். சுருள்கள் ஒன்றிலிருந்து பதினாறு வரை நேர் வரிசைக்கு வந்தன. இணைப்பு எதையும் கழற்றத் தேவையில்லை, ஒவ்வொரு சுருளின் வால் இழையையும் அவள் நீளமாக விட்டிருந்தாள். சுருளைத் தூக்கி இடம் மாற்றினால் போதும். அதனால் மறுபடி சரிபார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இழை அதே இழைதானே. விருந்தினர்கள் வந்து நின்றதும் அறை புழுங்கியது. அலமாரி விசிறி இரைந்தது. "அந்த விசிறியக் கொஞ்சம் நிறுத்துப்பா, நான் பேசுறது எனக்கே கேக்கல" என்றார் சீஃப். நின்றது. தாமதத்துக்குச் சம்பளம் என்கிற ஜோக்கைச் சொன்னார். படம் எடுத்தார்கள்.

படகு பாறையில் மோதியது. மீசைக்காரருக்குக் கை உடைந்தது. என் மனைவியை மறுநாள்தான் கண்டெடுத்தார்கள்.

அவள் காரியத்துக்கு மீசைக்காரர் கட்டுப் போட்ட கையோடு வந்தார். என் முகத்தைப் பார்த்து, "கரை சொன்ன பக்கந்தான் தம்பி திருப்பினேன். வேற எதுவும் செய்யல" என்றார். நான் அவருக்கு நாற்காலி எடுத்துப் போட்டேன். விசாரணையில் ஓட்டியவரின் கவனக்குறைவு என்று முடித்தார்கள். அவர் உரிமத்தைப் பிடுங்கினார்கள். சீஃப் அங்கே ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு யார் யாரையோ பார்த்து உரிமத்தைத் திரும்ப வாங்கிக் கொடுத்தார். அதை எல்லாரும் பெரிய மனசு என்றார்கள்.

நான் வேலைக்குத் திரும்பியபோது சுருள்கள் மறுபடி கலைந்த அடுக்கில் இருந்தன. அவள் வைத்திருந்த அதே அடுக்கு. அலமாரிக்குப் புதிதாக இரும்புக் கதவு போட்டிருந்தார்கள். அப்போது எனக்கு எதுவும் உறைக்கவில்லை. எதைத் தின்றாலும் ஒரே ருசியாக இருந்த காலம் அது. வீட்டில் இரண்டு டம்ளர்தான் புழக்கத்தில் இருந்தது. ஒன்றைக் கழுவி இன்னொன்றுக்குப் பக்கத்தில் வைப்பேன். எது பெரியது என்று பார்க்கவே வேண்டியதில்லை.

பிறகு ஒருநாள் வராந்தாவில் சுவரில் ஒரு புகைப்படத்தை மாட்டினார்கள். விருந்தினர்கள் வந்த அன்று எடுத்தது. நடுவில் சீஃப் பல் தெரியச் சிரிக்கிறார். அவர் தோளுக்குப் பின்னால் அலமாரி, கதவு இல்லாமல். சுருள்களின் எண்கள் தெளிவாகத் தெரிந்தன. கீழே ஒன்று, மேலே பதினாறு. நான் அந்தப் படத்தின் முன் நின்றேன். காபி எடுத்துக்கொண்டு போனவர் யாரோ, "என்ன சார், படத்துல உங்களைத் தேடுறீங்களா?" என்று கேட்டார். நான் அதில் இல்லை என்றேன்.

அங்கேயே கணக்கு போட்டுவிட்டேன். அறையின் புழுக்கம், நின்ற விசிறி, நேர் வரிசை. ஒரு டிகிரிக்குக் கொஞ்சம் அதிகம். திசையும் பாறைப் பக்கம்தான்.

அதைவிட முக்கியம் வேறொன்று. சுருள்களை யாரோ திரும்பக் கலைத்து வைத்திருக்கிறார்கள். விசாரணைக்காரர்கள் அறையைப் பார்க்க வருவதற்கு முன்னால். அறைச் சாவி சீஃபிடம்தான் இருந்தது. ஆக அவருக்குத் தெரியும். அன்றைக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்து, மாற்றி வைத்து, கதவு போட்டு, ஒரு ஓட்டுநரைப் பலி கொடுத்து, என்னிடம் வந்து தோளில் கை போட்டு, "வீட்டுல தனியா இருக்காத தம்பி, வேலைக்கு வந்துரு" என்று சொல்லியிருக்கிறார். தன் நாற்காலியைக் காப்பாற்றிக்கொள்ள. இதற்கு வேறு எந்தக் காரணமும் இருக்க முடியாது என்று எனக்குப் பட்டது.

நீங்கள் கேட்கலாம், அப்போதே வந்து சொல்லியிருக்கலாமே என்று. சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? ஓய்வூதியத்தில் கொஞ்சம் பிடித்திருப்பார்கள். அவருக்குத் தெரிய வேண்டியது அதுவல்ல. குரல் போய், பதில் வராமல் இருக்கும் வயர்லெஸ் எப்படி இரையும் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

அவருக்கு ஒரு மகள். படிப்பை முடித்துவிட்டு எங்களிடமே சேர்ந்தாள். என் மனைவி செய்த வேலை அவளுக்குக் கொடுக்கப்பட்டது. அதே மேஜை, அதே நாற்காலி. நல்ல பெண். முதல் நாளே, "அண்ணா, அக்கா இடத்துல நான் உக்காந்தா உங்களுக்குக் கஷ்டமா இருக்குமா?" என்று கேட்டாள். நாற்காலி ஆபீசுடையது என்றேன். சிரித்தாள். இழையை வெட்டுவது, ஒட்டுவது, அளப்பது, எல்லாவற்றையும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தேன், அதை அவளே பலரிடம் சொல்லியிருக்கிறாள். ஒருமுறை கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "இது ஏண்ணா இப்படிக் கன்னாபின்னான்னு இருக்கு?" என்று கேட்டாள். "பழசு. அப்பிடியே விட்டாச்சு" என்றேன். அதை மட்டும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இந்தப் பனிக்காலத்தில் மறுபடி சோதனை வைத்தார்கள். படகில் சீஃபின் மகள். ஓட்ட மீசைக்காரர், சீஃபே கேட்டு அவரை வரவழைத்தார், கெட்ட பெயர் போகட்டும் என்று. கரை யார் என்பதுதான் மிச்சம். அது என் வேலை. காலையில் எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. கட்டியிருந்தது என்று சொன்னேன். சீஃபுக்கு மைக் என்றால் சக்கரை. "விடு தம்பி, என் பொண்ணை நானே கூட்டிட்டு வர்றேன்" என்றார். அவர் அப்படிச் சொல்வார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவராகத்தான் சொன்னார். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அவள் காலையில் எல்லாவற்றையும் சரிபார்த்தாள். எல்லாம் சுத்தம். கிளம்பும்போது பையிலிருந்து தொண்டைக்கு ஒரு மிட்டாய் எடுத்து என் கையில் வைத்தாள். "வாயில போட்டுக்கங்கண்ணா, கடிக்காதீங்க, மெதுவாக் கரையட்டும்." அப்பாவிடம், "கரை சார், ஒழுங்கா வழி சொல்லணும், இல்லேன்னா அம்மாகிட்டச் சொல்லிருவேன்" என்றாள். அவர் அவள் தலையில் தட்டினார். மீசைக்காரர் என்னைப் பார்த்து, "இன்னைக்கு உங்க குரல் இல்லையா தம்பி?" என்றார். தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். அவர் முகம் லேசானதாக எனக்குப் பட்டது. அவரைப் பற்றி நான் யோசிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். படகுக்கு ஒரு ஓட்டுநர் வேண்டும்.

அவர்கள் படகுத் துறைக்குப் போனதும், சீஃப் துறைமுக அதிகாரிகளை வரவேற்க வாசலுக்குப் போனார். நான் கதவைத் திறந்து சுருள்களை ஒன்றிலிருந்து பதினாறு வரை நேர் வரிசையில் அடுக்கினேன். விசிறியின் இணைப்பைக் கழற்றினேன். கதவை மூடினேன். மூடிய இரும்புக் கதவுக்குள் மேலுக்கும் கீழுக்கும் சூடு இன்னும் நன்றாகப் பிரியும். அந்தக் கதவைப் போட்டது அவர். கை ஊறல் நின்றிருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு காரியத்தை முழுசாகச் செய்த மாதிரி இருந்தது.

அதிகாரிகள் வந்து நின்றார்கள். அறை மெல்லச் சூடாகியது. சீஃப் மைக்கைப் பிடித்தபடி சம்பள ஜோக்கைச் சொன்னார். திரையில் படகு ஒரு புள்ளியாக வழியின் நட்ட நடுவில் வந்துகொண்டிருந்தது. நான் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். அவர் மகள் குரல் வந்தது: "கரை, முன்னாடி என்னமோ கறுப்பாத் தெரியுது. சரியாத்தானே வர்றோம்?"

"நூல் பிடிச்ச மாதிரி வர்றம்மா. நேரா வா" என்றார்.

அதன்பிறகு ஒரு சத்தம், பிறகு இரைச்சல். "கரை பேசுறேன், பதில் சொல்லு" என்றார். "கரை பேசுறேம்மா" என்றார். அதிகாரி ஒருவர் அவர் கையிலிருந்து மைக்கை வாங்கப் பார்த்தார், அவர் விடவில்லை. வெகுநேரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். என் வாயில் மிட்டாய் இன்னும் முழுசாகக் கரைந்திருக்கவில்லை. அவள் சொன்னபடி நான் கடிக்கவில்லை. பிறகு அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். மகள், ஓட்டுநர் இருவரும் போய்விட்டார்கள் என்று மதியம் சொன்னார்கள். எனக்குப் பசித்தது. கேன்டீனில் போய்ச் சாப்பிட்டேன். சாப்பாட்டில் உப்பு அதிகம் என்று தெரிந்தது. ஒரு வருடமாக அது தெரிந்ததில்லை.

சுருள்களை நான் மாற்றி வைக்கவில்லை. அவரைப் போல மறைக்கிறவன் இல்லை நான். மறுநாள் அவரே வந்து கதவைத் திறந்தார். அடுக்கைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்தார். நான் வாசலில் நின்றேன். கத்துவார், அடிக்க வருவார் என்று எதிர்பார்த்தேன். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பேசினார்.

"தூசியத் துடைச்சு வைன்னுதான் தம்பி அன்னைக்குச் சொன்னேன். நீ வரிசையா அடுக்கிட்ட. விசிறிய நிறுத்தச் சொன்னவன் நான். ரெண்டு பேரும் சேந்துதான் செஞ்சோம். அவ போன அன்னைக்கே அதப் பாத்தேன். உனக்குத் தெரிஞ்சா நீ உயிரோட இருக்க மாட்டேன்னு மாத்தி வச்சேன். கதவு போட்டேன். மீசைக்காரன்கிட்ட மட்டும் சொன்னேன். அந்தத் தம்பி தாங்காது, பழி என்மேலேயே இருக்கட்டும்னான்."

கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "அப்பவே உன்கிட்டச் சொல்லியிருக்கணும்" என்றார்.

தோற்றவர்கள் இப்படித்தான் எதையாவது உண்டாக்குவார்கள். அவர் சொன்னது துடைத்து வை என்று அல்ல. அழகாக வை என்றார். அல்லது அந்த அர்த்தம் வருகிற ஒன்று. அறை லட்சணமாக இருக்க வேண்டும் என்று ஒரு மேலதிகாரி சொன்னால், ஒழுங்கான ஆள் ஒருவன் அதை எப்படி எடுத்துக்கொள்வான்? அடுக்கிய கை யாருடையது என்பது இதில் பெரிய விஷயமல்ல.

உங்கள் விசாரணையில் அவர், "என் தப்பு" என்று மட்டும் சொல்லியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். நானாக இங்கே வந்ததற்குக் காரணம் அதுதான். மற்றவர்களுக்காகப் பேசாமல் இருப்பதும், மற்றவர்கள் செய்ததைத் தன் தலையில் போட்டுக்கொள்வதும் அவருக்குப் பழக்கமாகிவிட்டது. இந்த ஒன்றை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நேர் வரிசையில் அடுக்கியது நான், விசிறியைக் கழற்றியது நான், அவர் மகளும் மீசைக்காரரும் செத்தது என்னால். தெரிந்தே செய்தேன். அவர் வாயாலேயே மகளைப் பாறைக்குக் கூப்பிட வேண்டும் என்று செய்தேன். கூப்பிட்டார்.

இன்னொரு கேள்வி கேட்டீர்கள். முதல் சோதனையின்போது மைக்கில் இருந்தது யார் என்று. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

நான்தான். அவள், "கரை, முன்னாடி என்னமோ இருக்கிற மாதிரி இருக்குடா, சரியாத்தானே வர்றோம்?" என்றாள். வயர்லெஸில் 'டா' போடக்கூடாது என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். "சரியா வர்ற. நேரா வா" என்றேன்.

திரையில் இருந்ததைத்தான் படித்தேன். அதற்காக ஒரு மனிதனைத் தண்டிக்க முடியாது.